கலியாணம் சொல்லக் கொடுத்த குரல்

எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் கலியாண அட்டை மட்டும் வந்தால் அது அழைப்பு அல்ல. வீட்டுக்கு வந்து, கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, இன்ன நாள் எங்கட பிள்ளைக்குக் கலியாணம், நீங்கள் எல்லாரும் வரவேணும் என்று வாயால் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாத கலியாணத்துக்கு மானமுள்ளவர்கள் போவதில்லை. அட்டையைத் தபாலில் போட்டுவிட்டுச் சும்மா இருந்த சொந்தக்காரரோடு வருடக்கணக்காகக் கதைக்காமல் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் செய்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன்.

சொல்லப் போகிறவர்கள் முன்பெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். எனக்குப் படிப்பு இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், மெல்ல மெல்ல எழுதுவேன். ஆனால் கடவுள் எனக்கு ஒரு குரல் தந்தார். நான் "வரவேணும்" என்று சொல்லிவிட்டால் பிறகு வராமல் இருக்க மனம் வராது என்று சனம் சொல்லும். பெருமையாகத்தான் சொல்கிறேன். உண்மையைப் பெருமையாகச் சொன்னால் என்ன? ஓர்ஸ் ஹில்லில் தொடங்கி உப்புவெளி வரைக்கும், சொல்லப் போகிற வான் வண்டியில் முன் சீற் எனக்குத்தான். மாப்பிள்ளையின் தாய்கூடப் பின்னால்தான் இருப்பாள்.

என் மனுசன் காலமானதோடு அது நின்றுவிட்டது. இனி வர வேண்டாம் என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. அதை யாரும் சொல்வதும் இல்லை. கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். பொட்டில்லாத நெற்றியோடு ஒருத்தியை முன் சீற்றில் வைத்துக்கொண்டு கலியாணம் சொல்லப் போவார்களா? வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. என்றாலும் ஆட்கள் நிறைந்த வான் ஒன்று என் வாசலில் நிற்காமல் போகும்போது கையில் இருந்த வேலை அப்படியே நின்றுவிடும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. துறைமுகப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் வீடு. காலையில் மரக்கறிக்காரரிடம் கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்பேன். பின்னேரம், எங்கள் ஊரில் மாடு மாதிரி ரோட்டில் திரியும் மான் ஒன்று வந்து என் செவ்வரத்தைச் செடியில் வாய் வைக்கும்போது அதை அதட்டுவேன். சில நாட்களில் நான் வாய் திறந்து கதைத்தது அந்த இரண்டு தரம்தான். கதைக்காமல் இருந்தால் குரல் கட்டிப்போகிறது. செருமிச் செருமித்தான் கத்தரிக்காய் விலை கேட்க வேண்டி வந்தது.

அதனால்தான் முன்னறையை வாடகைக்கு விட்டேன். ஒரு மட்டக்களப்புப் பிள்ளை வந்தாள். முப்பது வயது தாண்டியிருக்கும். புருசன் கட்டாரில் வேலை. இவள் இங்கே ஒரு கந்தோரில் வேலை என்று வந்தவள், பிறகு அதை விட்டுவிட்டு அறைக்குள்ளேயே கொம்பியூட்டரோடு இருந்தாள். நான் ஒரு நாள் கேட்டேன்.

"என்ன பிள்ளை, நாள் முழுக்கப் படம் பாக்கிறீரோ?"

"வேலை செய்யிறன் அன்ரி. அட்டை செய்யிறன். அசையிற அட்டை, கலியாணத்துக்கு, சாமத்தியச் சடங்குக்கு. பேர், திகதி, மண்டபம் எல்லாம் வெறுமையா விட்டிருக்கும். டெம்ப்ளேட் எண்டு சொல்லுறது. வாங்கிற ஆக்கள் தங்கட பேரைப் போட்டுப் போனில அனுப்புவினம்."

"ஆர் வாங்கிறது?"

"கனடாவில, லண்டனில இருக்கிற எங்கட சனந்தான். இதுகளை விக்கிறதுக்கெண்டே ஒரு சந்தை இருக்கு அன்ரி, இன்ரநெற்றில. பூ, ஓரத்துக் கரை, மேளச் சத்தம், எழுத்து எல்லாம் தனித்தனியாகவும் விக்கும், அட்டையாகவும் விக்கும்."

எல்லாம் நல்லாய்ப் போகிறது, ஆனால் ஒரு குறை என்றாள். அட்டை போனில் வருகிறது, ஆனால் ஒருவரும் வந்து சொல்லவில்லையே என்று ஊரில் இருக்கிற சொந்தம் முகத்தைத் திருப்புகிறதாம். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் படியேறி வந்து சொல்வதெப்படி?

"அன்ரி, நீங்கள் மானைக்கூட மரியாதையாத்தான் ஏசுறியள். நான் அறைக்குள்ள இருந்து கேக்கிறனான். ஒருக்கா எனக்குக் கலியாணம் சொல்லிக் காட்டுங்கோவன்."

போனில் பதியப் பார்த்தோம். முன்னறையில் பஸ் சத்தம். குசினியில் காகச் சத்தம். கடைசியில் என் அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு நடுவில் போனை வைத்தாள். துணி சத்தத்தைக் குடித்துவிடும், எதிரொலி வராது என்றாள். நான் அலுமாரிக்கு முன்னால் கதிரை போட்டு நிமிர்ந்து இருந்தேன். என் சேலைகளைப் பார்த்துக் கலியாணம் சொன்னேன்.

"வணக்கம். எங்கட பிள்ளைக்குக் கலியாணம். தூரத்தில இருந்து சொல்லுறம் எண்டு குறை நினைக்காதேங்கோ. குடும்பமா எல்லாரும் வரவேணும். வந்து, இருந்து, சாப்பிட்டு, பிள்ளையளை வாழ்த்திப்போட்டுத்தான் போகவேணும்."

குறை நினைக்காதேங்கோ என்பதை நானாகச் சேர்த்தேன். அவள் கண்ணைத் துடைத்ததைக் கண்டும் காணாதது போல் எழும்பிவிட்டேன்.

இந்தக் குரலை அட்டைக்குள் வைத்து விற்கட்டுமோ என்று கேட்டாள், ஓம் என்றேன். இதை விற்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது என்று அவள் எனக்கு விளக்கினாள். அட்டையை வாங்கினவர் தன் வீட்டுக் கலியாணத்துக்குப் பேரை மாற்றி அனுப்பலாம். அதற்குள் இருக்கிற என் குரலை மட்டும் வெட்டி எடுத்து விற்க ஏலாது. இன்னொரு அட்டையில் ஒட்டி அதை விற்கவும் ஏலாது. அப்படிச் செய்வதற்கு வேறொரு லைசன்ஸ், அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நான் சொன்னேன், "என்ர பெரிய அண்டாவை ஒரு வீட்டுக் கலியாணத்துக்குக் குடுத்தால் அவை அதில சமைக்கலாம். அடுத்த வீட்டுக்கு வாடகைக்கு விடேலாது. அதுதானே?" "அதேதான் அன்ரி," என்றாள். "இதைத்தான் அந்தச் சந்தைக்காரர் பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்கினம்."

அதன் பிறகு என் குரல் பயணம் போகத் தொடங்கியது. வீட்டுக்குள் கிடந்த குரலுக்கு வெளியே போக அது ஒன்றுதான் வழி. பிள்ளை வந்து சொல்வாள், அன்ரி, இண்டைக்கு நீங்கள் பாரிசுக்குப் போறியள். அன்ரி, நோர்வேக்காரர் எடுத்திட்டினம். எனக்கு அந்த இடங்களைத் தெரியாது. தெரியாத வீடுகளில் தெரியாத சனம் என் சொல்லைக் கேட்டுச் சேலை எடுத்து வைப்பதை நினைத்துக்கொண்டு சோறு வடிப்பேன்.

ஒரு நாள் என் போனுக்கே ஓர் அட்டை வந்தது. என் மனுசனின் தங்கை, உப்புவெளியில் இருக்கிற என் மச்சாள், அவளுடைய பேத்திக்குக் கலியாணம். பேத்தி வெளிநாட்டு மாப்பிள்ளையைக் கட்டுகிறாள். மாப்பிள்ளை வீட்டார்தான் அட்டை வாங்கி எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். மேளம் முழங்க, பூக்கள் விரிய, நான் கதைத்தேன். குடும்பமா எல்லாரும் வரவேணும். போனைக் கையில் வைத்துக்கொண்டு மச்சாள் வருவாள் என்று பார்த்திருந்தேன். பலகாரம்கூடச் சுட்டு வைத்தேன். அவள் வரவில்லை. ஒழுங்கையில் மற்ற வீடுகளுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்று பிறகு அறிந்தேன். அந்தக் கலியாணத்துக்கு என்னைக் கூப்பிட்டது நான் மட்டும்தான். என் பேச்சை மட்டும் கேட்டு நான் போகவில்லை.

கலியாணம் முடிந்து மழைக்காலமும் போன பிறகு, ஒரு காலை நேரம், அதே மச்சாள் என் வாசலில் ஓட்டோவில் வந்து இறங்கினாள். படி ஏறும்போதே கோபம். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"மச்சாள், இதைக் கேளுங்கோ," என்று தன் போனை என் காதுக்குக் கிட்டப் பிடித்தாள்.

படத்தில் ஒரு குத்துவிளக்கு. மாலை போட்ட ஒரு பெரியவரின் படம். மச்சாளின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர், காலமானது எனக்கும் தெரியும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கான அட்டை. அதற்குள் நான். "வணக்கம். குடும்பமா எல்லாரும் வரவேணும். வந்து, இருந்து, சாப்பிட்டு, போகவேணும்." கலியாணக் குரல், சிரித்த முகத்துக் குரல். அதற்குப் பின்னால் மெல்லிசாக நாதஸ்வரமும் கேட்டது.

"செத்தவீட்டுக்கு நாதஸ்வரத்தோட கூப்பிட்ட ஆள் இந்தத் திருகோணமலையில நீங்கள் ஒராள்தான்," என்றாள் மச்சாள். "அங்க சனம் அழுறதோ சிரிக்கிறதோ எண்டு தெரியாமல் நிண்டவை. அந்தப் பொம்பிளை, புருசனைப் பறிகுடுத்தவள், என்ர கையைப் பிடிச்சுக் கேக்கிறாள், உங்கட மச்சாளுக்கு நாங்கள் என்ன செய்தனாங்கள் எண்டு."

பிள்ளை சத்தம் கேட்டு வெளியே வந்தாள். போனை வாங்கி ஒரு தரம், இன்னொரு தரம் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"இது என்ர அட்டையில இருந்து வெட்டினது அன்ரி. நாதஸ்வரத்தைக் குரலுக்கு அடியில இருந்து அவங்களால உரிச்செடுக்க ஏலாமல் போச்சு. ஆரோ குரலை மட்டும் வெட்டி, 'தமிழ் அழைப்புக் குரல்' எண்டு அதே சந்தையில தனியா விக்கிறாங்கள். அட்டை செய்தவர் பாவம், அதைக் காசு குடுத்து வாங்கி ஒட்டியிருக்கிறார். அவருக்கு ஒண்டும் தெரியாது."

மச்சாளுக்கு இந்தக் கதை பாதிதான் விளங்கியது. விளங்கின பாதியில் அவள் வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப, என்ர பேத்தியின்ர கலியாண அட்டையில கதைச்சதும் நீங்களோ?"

"ஓம்."

"நான் உங்கட குரல் மாதிரி இருக்கெண்டு நினைச்சனான். கொம்பியூட்டர் கதைக்குதாக்கும் எண்டு விட்டிட்டன்." அப்போதுதான் கதிரையில் இருந்தாள். "ஐயோ மச்சாள், ஆரும் அறிஞ்சால் என்ன சொல்லுவினம்? நல்ல காரியத்துக்கு..." மிச்சத்தை விழுங்கிவிட்டாள்.

"பேத்தி எப்பிடி இருக்கிறாள்?"

"நல்லா இருக்கிறாள். வயித்தில பிள்ளை."

"பிறகென்ன?" என்றேன்.

அவள் நான் வைத்த தேத்தண்ணியைக் குடித்தாள். போகும்போது வாசலில் நின்று என்னவோ சொல்ல வந்தாள், ஓட்டோக்காரர் வண்டியைத் திருப்பிவிட்டார். நான் ஓட்டோ திரும்பின பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போய் அவருடைய மனுசிக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் என் நெற்றியைப் பார்த்தாள், நான் அவளுடைய நெற்றியைப் பார்த்தேன்.

பிள்ளை சந்தைக்காரருக்கு முறைப்பாடு எழுதினாள். பதில் வந்தபோது அவளுடைய முகம் மாறிவிட்டது. கொஞ்சம் தயங்கித்தான் என்னிடம் வந்தாள். குரல் யாருடையது என்று நிரூபிக்க வேண்டுமாம். குரலின் சொந்தக்காரி முகத்தைக் காட்டி, இது என் குரல், இன்னதுக்குத்தான் அனுமதி கொடுத்தேன் என்று தன் வாயால் சொல்லி ஒரு வீடியோ அனுப்ப வேண்டுமாம். அனுப்பினால் வெட்டி விற்றவனின் சரக்கை எடுத்துவிடுவார்கள். அனுப்பாவிட்டால் இந்தக் குரல் இருக்கிற எல்லாவற்றையும், பிள்ளையின் அட்டைகளையும் சேர்த்து, சந்தையில் இருந்து இறக்கிவிடுவார்கள்.

"இதைத் தொடக்கத்தில கேக்கேல்லையோ அவை?"

"கேட்டவை அன்ரி." அவள் நிலத்தைப் பார்த்தாள். "நான் என்ர குரல் எண்டு குறிச்சிட்டன்."

"ஏன்?"

"உங்களிட்டத்தான் வாயால கேட்டனே, நீங்கள் ஓம் எண்டியள், அது காணும் எண்டு நினைச்சன். மற்றது..." நிறுத்தினாள். "குரல் குடுத்த ஆளின்ர சின்னப் படம் ஒண்டு அட்டைக்குப் பக்கத்தில வரும். வாங்கிறது எங்கட சனந்தானே அன்ரி."

எனக்கு விளங்கியது. வானில் முன் சீற்றை எடுத்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இவளும் ஒன்றும் சொல்லாமல்தான் செய்திருக்கிறாள். ஆனால் இவளாவது கேட்டவுடன் என்னிடம் சொன்னாள். நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. கோபத்தில் அல்ல. வெட்டி விற்கப்பட்ட குரல் போனால் போகட்டும், மற்றதும் போய்விட்டால் இந்த வீட்டுக்குள் மறுபடி கத்தரிக்காயும் மானும்தான். படத்தைக் காட்டினால் என்னவாகும்? ஊர் செய்ததையே உலகமும் செய்யும். குரலை வைத்துக்கொண்டு ஆளைப் பின் சீற்றில் போடும், அல்லது இறக்கியே விடும்.

பின்னேரம் குளித்து, வெளுத்த சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

"எடும் பிள்ளை உம்மட வீடியோவை."

அவள் வெளிச்சம் பார்த்து, கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பிறகு கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "அன்ரி, ஒரு சின்னப் பொட்டு வைப்பமோ? கறுப்புப் பொட்டு. படத்துக்குத்தானே."

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கையில் தன்னுடைய ஒட்டுப்பொட்டு அட்டையை ஆயத்தமாக வைத்திருந்தாள்.

"அவர் இருக்கேக்க நான் வச்சது காணும். எடும்."

வீடியோவில் நான் சொன்னதை அவள் எனக்குத் திருப்பிப் போட்டுக் காட்டினாள், அதனால் சொல்லுக்குச் சொல் ஞாபகம். "இது என்ர குரல். என்ர மனுசன் காலமாகிட்டார். முன்ன நான் வீடு வீடாப் போய்க் கலியாணம் சொன்னனான். இப்ப ஆரும் கூப்பிடுறேல்லை, அதால இந்தப் பிள்ளைக்குக் குரலைக் குடுத்தனான். கலியாணம் சொல்லத்தான் குடுத்தனான். வெட்டி விக்கவும், வேறொண்டோட ஒட்டவும் நான் ஓம் சொல்லேல்லை. ஆருக்கும் தேவையெண்டால் இங்க வந்து கேக்கட்டும்." கடைசி வசனம் தேவையில்லை என்று பிள்ளை சொன்னாள். வெட்ட வேண்டாம் என்றேன். வெட்டினதால் வந்த வினைதானே இவ்வளவும்.

வெட்டி விற்றவனின் சரக்கை எடுத்துவிட்டார்கள். பிள்ளையின் அட்டைகள் தப்பின. அட்டைக்குப் பக்கத்தில் என் சின்னப் படம் வந்தது, கடலை விதை அளவில். போனை விரலால் பெருப்பித்துப் பார்த்தால் நெற்றி நன்றாகத் தெரியும். சனம் பெருப்பித்துப் பார்த்தது. கொஞ்ச நாளில் பிள்ளை வந்து, வேறு குரல் இருக்கிறதா என்று சிலர் கேட்கிறார்கள் என்றாள். நான் ஏதும் நினைப்பேனோ என்று பயந்தாள். "போடும், உம்மட பிழைப்பு அது," என்றேன். மட்டக்களப்பில் இருக்கிற தன் தங்கையைக் கொண்டு அதே வசனங்களைச் சொல்ல வைத்து, அதே அட்டையை இரண்டாவது விதமாகவும் போட்டாள். சின்னக் குரல், நல்ல பிள்ளை, அவசரப்பட்டுச் சொல்கிறது. எல்லாரும் அதையே எடுத்தார்கள். பாரிசுக்கும் நோர்வேக்கும் அந்தப் பிள்ளைதான் போனாள்.

"அன்ரி, உங்கட குரல் இருக்கிற அட்டையை எடுத்து விடட்டோ? சும்மா கிடக்கெண்டு கவலைப்படுறியளோ?"

"கிடக்கட்டும். ஆரும் எடுக்காட்டியும் கிடக்கட்டும்."

கிடந்தது. நானும் கிடந்தேன். கடலில் கப்பல் ஹோர்ன் அடிக்கும்போது ஜன்னலைத் திறப்பேன், பிறகு சாத்துவேன். பிள்ளையும் தன் வேலையில் தலை நிமிராமல் இருந்தாள். முன்போல வந்து இண்டைக்கு எங்கே போறியள் என்று சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. சொல்ல ஒன்றும் இல்லாததால் கதவருகில் வருவதையும் குறைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு மத்தியானம், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அன்ரி, ஒரு அம்மா உங்களைக் கேக்கிறா."

ஜேர்மனியில் இருக்கிற ஒரு தாய். அவளுடைய மகளுக்குக் கலியாணம். புருசன் இல்லை. மகளின் கலியாணத்தைத் தன் வாயால் சொல்லக் கூடாது, அவளுடைய தமக்கையும் அத்தானும் சொல்லட்டும் என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார்களாம். அவள் சந்தையில் தேடும்போது என் படத்தைப் பெருப்பித்துப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் அந்த அட்டையை எடுக்கிறாள். ஆனால் ஒரு வசனத்தை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று கேட்கிறாள். சட்டப்படி வாங்கின குரலை அவள் மாற்ற ஏலாது, எங்களுடைய அனுமதி வேண்டும். அதைத்தான் கேட்டு எழுதியிருக்கிறாள்.

"என்ன வசனம்?"

பிள்ளை போனைப் பார்த்து வாசித்தாள். "தூரத்தில இருந்து சொல்லுறம் எண்ட இடத்தில, 'நான் தனிய நிண்டுதான் இந்தக் கலியாணத்தைச் செய்யிறன், குறை நினைக்காதேங்கோ' எண்டு வரவேணுமாம்."

கையைத் துடைத்துக்கொண்டு போய் அலுமாரியைத் திறந்தேன். அவள் போனைச் சேலைகளுக்கு நடுவில் வைத்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். குரல் கட்டியிருந்தது. செருமினேன்.

"வணக்கம். என்ர பிள்ளைக்குக் கலியாணம். நான் தனிய நிண்டுதான்..."

அதற்கு மேல் எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லி முடித்தேன். பிள்ளை போனை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள்.

"நடுவில நடுங்கிப்போச்சு அன்ரி. ஒருக்காத் திரும்பச் சொல்லுவமோ?"

"வேண்டாம் பிள்ளை," என்றேன். "நடுங்கினது நடுங்கினபடியே போகட்டும். அவ கேட்டது அந்த வசனம்தானே."

அவள் அனுப்பினாள். நான் அலுமாரிக் கதவைச் சாத்தினேன்.